சத்தம் போடாத டப்பா

"உஷ்!"

ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டிலிருந்து ஒரு ஸ்பிரே டப்பாவை எடுத்து, வலது காதோரம் கொண்டுபோய், மூன்று முறை குலுக்குகிறார் அக்கா. முதல் குலுக்கலுக்கு முன்னால் அந்த "உஷ்!" கட்டாயம் வந்துவிடும். யாரை அதட்டுகிறார் என்று யாருக்கும் தெரியாது. எதிரே தகரமும் பாட்டிலும் சரசரவென்று கொட்டுகின்றன. பின்னால் பிரஸ் உறுமுகிறது. வாசலில் ஃபோர்க்லிஃப்ட் பின்வாங்கும்போதெல்லாம் காது கிழிகிற மாதிரி கூவுகிறது. இத்தனையையும் ஓர் அதட்டலில் அடக்கிவிடலாம் என்று இருபத்தொரு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிற ஒரே மனுஷி இவர்தான். அதனால் இந்தக் குப்பை பிரிக்கும் கூடத்தில் இவருக்கு உஷ் அக்கா என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பமாட்டார்.

குலுக்கியதில் உள்ளே தளும்பினால் அக்காவின் புருவம் ஏறும், டப்பா காலடியில் இருக்கும் சிவப்பு டிரம்முக்குப் போகும். ஆபத்தான கழிவுகளை வாங்கிப்போக வரும் லாரிக்காக அது காத்திருக்கும். தளும்பாமல், உள்ளிருக்கும் குழாய் மட்டும் வறட்டுச் சத்தம் போட்டால் பச்சைக் கூடை. அங்கிருந்து ஓட்டை மிஷினுக்கு. மூடிய பெட்டிக்குள் டப்பாவைத் தலைகீழாக வைத்து ஊசியால் குத்துகிற இயந்திரம் அது. மிச்சமிருக்கிற வாயு ஒரு ஃபில்டர் வழியாகப் போகும், மிச்சச் சொட்டு கீழேயுள்ள கலனில் இறங்கும். அதன் பிறகுதான் டப்பா தகரத்தோடு தகரமாகப் பிரஸ்ஸுக்குப் போய், நசுங்கி, கட்டாகக் கட்டப்பட்டு, உருக்காலைக்குப் போகலாம்.

"ஓட்டை விழற வரைக்கும் அது தகரம் இல்லைங்க" என்பார் அக்கா. "நல்ல பிள்ளை மாதிரி உக்காந்திருக்கிற வெடி."

ஐம்பத்திரண்டு வயது. உயரம் குறைவு. பெல்ட் எட்டாது என்பதால் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் நின்றுதான் வேலை பார்க்கிறார். தலையில் இறுக்கிக் கட்டிய துணி. இடது காதில் மஞ்சள் நிறத்தில் காதடைப்பான், வலது காதில் ஒன்றும் கிடையாது. பாதுகாப்பு அதிகாரி ஒருவர் ஒருமுறை வந்து, இரண்டு காதிலும் போட வேண்டும் என்று சட்டம் பேசினார். "ரெண்டையும் அடைச்சுட்டா அப்புறம் நான் எதுக்கு, ஒரு கம்பை நட்டு வெச்சுட்டுப் போங்க" என்று அக்கா கேட்டதும் அவர் குறிப்பேட்டை மூடிக்கொண்டு அடுத்த பிரிவைப் பார்க்கப் போய்விட்டார். கையுறையில் ஆள்காட்டி விரலை மட்டும் வெட்டிவிட்டிருக்கிறார். மருந்து மிச்சமிருக்கிற டப்பாவின் கீழ்ப்பாதி விரலுக்குச் சில்லென்றிருக்கும். காது சொன்னதை விரல் ஒப்புக்கொண்டால்தான் அக்கா ஒப்புக்கொள்வார்.

கோபம் காலை ஏழரைக்கு, பெல்ட்டோடு சேர்ந்தே ஓட ஆரம்பிக்கும். யார் மேல் என்று கேட்காதீர்கள். உங்கள் மேலும் என் மேலும்தான். குளியலறை அலமாரியில், கண்ணாடிக்குப் பின்னால், மூக்கு அடைத்துப்போன வாசனை ஸ்பிரே ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும். தலைமுடிக்கு அடிப்பது, கரப்பானுக்கு அடிப்பது, சைக்கிளுக்குப் பூசியதுபோக மீந்த பெயின்ட் என்று குறைந்தது இன்னும் மூன்று இருக்கும். ஒருநாள் வீட்டைச் சுத்தம் செய்கிற வேகத்தில் அத்தனையையும் அள்ளிக் குப்பைப் பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்துவிடுவோம். நம்மைப் பொறுத்தவரை கதை அதோடு முடிந்தது. அக்காவுக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அலட்சியக்காரர்களைக்கூட அவர் மன்னித்துவிடுவார். ஜாக்கிரதைக்காரர்களை மன்னிக்கவே மாட்டார். போன மாதம் பெல்ட்டில் ஒரு பொட்டலம் வந்தது. டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றி, தாளை ஒரு பையில் போட்டு, பையைப் பழைய கம்பளிக் காலுறைக்குள் திணித்து, காலுறையின் வாயைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். யாரோ ஒரு நல்ல மனிதர், யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று அரைமணி நேரம் உட்கார்ந்து செய்த வேலை. துணி என்று நினைத்துத் துணிப்பக்கம் போயிருக்கும். கயிறு கட்டியிருந்த விதம் உறுத்தியதால் அக்கா பிரித்துப் பார்த்தார். உள்ளே முக்கால்வாசி நிறைந்த கரப்பான் மருந்து.

"இவ்வளவு பத்திரமா என் கண்ணைக் கட்டுறீங்களே, அந்தக் கையை என்ன சொல்றது!" என்று காலுறையைப் பார்த்துக் கத்தினார். எதிர்வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அந்தக் காலுறையை இன்னும் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார், வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட.

இன்னொருவர் டப்பாமேல் கறுப்பு மையால் கொட்டை எழுத்தில் 'காலி' என்று எழுதி அனுப்பியிருந்தார். அக்கா அதை ஒரு பழந்துணியில் வைத்து மூக்கை அழுத்தினார். சவர நுரை புசுபுசுவென்று வந்தது, வந்துகொண்டே இருந்தது. "இதுவா காலி? இதுல ஒரு தெருவுக்கே ஷேவிங் பண்ணலாமே!" ஆணியடித்து அனுப்புகிறவர்கள் தனி ரகம். வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சுத்தியலால் ஓட்டை போட்டுவிட்டு, பெரிய சேவை செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறவர்கள். "பக்கத்துல அடுப்பு எரியலை, அதனால பிழைச்சாங்க. எரிஞ்சிருந்தா அந்த வீட்டுக்கு நிலைக்கதவு மிஞ்சியிருக்காது. யாரு இவங்களை ஓட்டை போடச் சொன்னது? தீர்ற வரைக்கும் அடிச்சுத் தீருங்க, அப்படியே தனியா கொண்டாந்து குடுங்க. இவ்வளவுதானே நான் கேக்கிறேன். நாலு பேரை என் கால்ல விழச் சொல்லியா கேக்குறேன்?"

இந்தக் கோபத்தை அவர் சாயங்காலம் பையில் போட்டு வீட்டுக்கும் எடுத்துப் போகிறார். மகள் வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றியதும் நேரே குளியலறை. அலமாரியைத் திறந்து, இருக்கிற டப்பாக்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றாகக் காதில் வைத்து "உஷ்!" என்பார். மாப்பிள்ளை வாசனைப் பிரியர். மாமியார் வருகிறார் என்றால் தன் ஸ்பிரேயைச் சட்டைகளுக்கு அடியில் ஒளித்துவைப்பார். மாமியார் அதையும் கண்டுபிடித்து, மூக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்து, வெந்நீரில் மூக்கை மட்டும் கழுவி, "பாதி கிடக்கு மாப்ளே, இதைத் தீர்க்காம இன்னொண்ணு வாங்கினீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்று கையில் கொடுப்பார். மாப்பிள்ளை வேறு வழியில்லாமல் அன்று முழுக்க மணமாக இருப்பார்.

அந்த வீட்டுக்கு அக்காவின் சம்பந்தியும் வருவார். மாப்பிள்ளையின் அப்பா. அவர் வேறு யாருமில்லை, இதே கூடத்தில் பிரஸ்ஸை ஓட்டுகிறவர்தான். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே இரண்டு பேரும் பேசி முடித்த கல்யாணம் அது. அன்றைக்கு இருந்த சிநேகம் என்ன! ஒரு பன்னைப் பிய்த்து இரண்டாக்கித் தின்கிற அளவு. இன்றைக்கு இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, இரண்டு வருடமாக.

பேச்சு இல்லை என்றால் அறவே இல்லை என்று அர்த்தமில்லை. வேலை ஓட வேண்டுமே. இவர் பிரித்து அனுப்புவதை அவர் நசுக்குகிறார். நடுவில் பத்து அடி. "அந்தம்மாகிட்ட சொல்லுப்பா, கூடை நிறைஞ்சுடுச்சுன்னு" என்பார் சம்பந்தி, ஃபோர்க்லிஃப்ட் டிரைவரிடம். "கேட்டுச்சுன்னு அவர்கிட்ட சொல்லுங்க தம்பி" என்பார் அக்கா. டிரைவருக்கு நாற்பது வயது, வழுக்கைத் தலை, பொறுமைசாலி. வண்டியை விட்டு இறங்காமலேயே தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பித் திருப்பித் தூது போகிறார். மகள் வீட்டில் டிரைவர் இல்லையே, அங்கே தூதுக்கு ஒன்றரை வயதுப் பேத்தி. "தாத்தாவுக்குத் தண்ணி வேணுமான்னு கேளுடி தங்கம்" என்று பாட்டி சொல்ல, "வேணாம்னு சொல்லுடா கண்ணு" என்று தாத்தா சொல்ல, குழந்தை இரண்டு பேரையும் பார்த்துக் கைதட்டும்.

இந்த மௌனத்துக்குக் காரணம் ஒரு பெயின்ட் டப்பா.

பெயின்ட் ஸ்பிரேக்குள் கலக்குவதற்காக ஒரு கோலி இருக்கும். குலுக்கினால் கடகடவென்று உருளும். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் காலை பதினொரு மணிக்கு அக்காவின் கைக்கு வந்த டப்பா எந்தச் சத்தமும் போடவில்லை. தளும்பவில்லை, கோலியும் உருளவில்லை. அந்த வாரம் பெல்ட்டின் வேகத்தைக் கூட்டியிருந்தார்கள். ஒரு டப்பாவுக்கு ஒரு மூச்சு நேரம்கூட இல்லை. விரலால் தொட்டுப் பார்க்க நேரமில்லாமல், காலிதான் என்று பச்சைக் கூடையில் போட்டார். ஓட்டை மிஷின் அந்த வாரம் பழுது. பச்சைக் கூடை நேரே பிரஸ்ஸுக்குப் போனது. அந்த டப்பாவில் மிஞ்சியிருந்த பெயின்ட் பிசினாக இறுகி, கோலியைப் பிடித்துவைத்திருந்தது. மூக்கும் அடைத்திருந்தது. வாயு மட்டும் வெளியே போக வழியில்லாமல் அப்படியே உள்ளே இருந்தது.

வெடித்தபோது பிரஸ்ஸின் மூடி எகிறியது. இடப்பக்கம் நின்ற சம்பந்தியின் புருவம் கருகியது. தீயை ஐந்து நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். அவருடைய இடது காதைவிட்டுப் போன சத்தம் மட்டும் திரும்பி வரவேயில்லை. இன்றைக்கும் யாராவது கூப்பிட்டால் அவர் தலையைத் திருப்புவதில்லை, முழு உடம்பையும் திருப்பித்தான் பார்க்கிறார்.

'இயக்குபவரின் கவனக்குறைவு' என்று எழுதி நிர்வாகம் கோப்பை மூடியது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த மனிதரிடமே அதில் கையெழுத்தும் வாங்கினார்கள். அக்கா நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. சோறு இறங்கவில்லை, கண் மூடவில்லை, ஆனாலும் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். ஐந்தாம் நாள் காலை ஆபீசுக்குள் போய், "அந்த டப்பாவைப் போட்டது நான்தான்" என்றார். நிர்வாகம் ரொம்ப நியாயமாக நடந்துகொண்டது. 'இயக்குபவரின்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'பிரிப்பவரின்' என்று எழுதிக்கொண்டது. 'கவனக்குறைவு' அப்படியே இருந்தது. இரண்டு தாளிலும் பெல்ட்டின் வேகம் என்ற பேச்சே இல்லை, பழுதான மிஷின் என்ற பேச்சும் இல்லை.  

சம்பந்தி வீடு திரும்பிய அன்று அக்கா பார்க்கப் போனார். சம்பந்தி அவரிடம் நேரடியாகப் பேசிய கடைசிப் பேச்சு அன்றைக்குத்தான்: "தெரியாம நடந்தது. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை சம்பந்தியம்மா. ஆனா நாலு நாள் என் தலைமேல பழி கிடந்துச்சே, அப்ப உங்க வாயைத் தச்சா வெச்சிருந்தாங்க?"

அக்காவுக்குத் தன்மேலேயே இருக்கிற கோபத்துக்கும் அந்தக் கேள்விக்கும் ஒரே வயது. அன்றிலிருந்து ஒரு புதுப் பழக்கம் ஏற்பட்டது. சத்தம் போடாத டப்பா எதுவாக இருந்தாலும் சரி, பஞ்சுபோல் எடையே இல்லாமல் இருந்தாலும் சரி, அது சிவப்பு டிரம்முக்குத்தான். "சத்தம் போடறவனை நம்பலாம், எங்க இருக்கான்னு தெரியும். கம்முனு இருக்கிறதுதான் ஆளைத் தூக்கும்." அதனால் சிவப்பு டிரம் முன்பைவிட இரண்டு மடங்கு வேகமாக நிறைகிறது.

நான்கு மாதத்துக்கு முன் வந்த புது மேனேஜருக்கு அங்கேதான் எரிச்சல். முப்பத்தைந்து வயது, நன்றாகத் தேய்த்த சட்டை, எதையும் வரைபடமாகப் போட்டுக் காட்டுகிற பழக்கம். வந்த வாரமே பெல்ட்டின் வேகத்தைக் கூட்டினார். ஓட்டை மிஷினின் ஃபில்டர் காலாவதியானபோது புதிது வரவழைக்காமல் மிஷினைப் பூட்டிவைத்தார். ஆபத்துக் கழிவு லாரி ஆறு வாரமாக வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால் "பேசிக்கிட்டிருக்கோம்" என்பார். கூடத்துக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ், கம்பிவலைக் கூண்டு ஒன்றில் டப்பாக்கள் சேர்ந்துகொண்டே போயின. சிவப்பும் பச்சையும் ஒன்றாகக் கொட்டப்பட்டு தோள் உயரத்துக்கு வந்துவிட்டன. மத்தியான வெயிலில் அந்தக் கூரையைத் தொட முடியாது. அக்கா தினமும் இரண்டு வாளி தண்ணீர் தூக்கிப்போய்க் கூரைமேல் வீசி ஊற்றிவிட்டு வருவார். இது அவர் வேலை இல்லை. யார் வேலை என்று கேட்டபோது மேனேஜருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் பார்வையிட வருவதாக இருந்தது. புதன்கிழமை மத்தியானம் மேனேஜர் ஒரு படிவத்தோடு பெல்ட்டருகே வந்தார். ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் கூண்டிலிருந்து ஒரு தட்டில் பத்து டப்பாக்களை ஏற்கெனவே பிரஸ்ஸின் வாயருகே கொண்டுவந்து இறக்கியிருந்தார்.

"இதுல ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்றார் மேனேஜர். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

அக்கா பெட்டியிலிருந்து இறங்காமலேயே வாங்கிப் படித்தார். 'இந்தக் கட்டில் சேர்க்கப்பட்ட தெளிப்பான் டப்பாக்கள் அனைத்தும் காலியானவை எனப் பிரிப்பவரால் சோதித்து உறுதி செய்யப்பட்டது.'

"எந்தக் கட்டு சார்?"

"எல்லாக் கட்டும்தான். ஒரு கட்டுக்குப் பத்து டப்பான்னு கலந்து போட்டுட்டா நாளை சாயங்காலத்துக்குள்ள கூண்டு காலியாயிடும். வெள்ளிக்கிழமை வர்றவங்க கண்ணுல அது படக் கூடாது."

"ஓட்டை போடாமலா?"

"காலி டப்பாதானேம்மா. பத்து பத்தா போட்டா ஒண்ணும் ஆகாது."

"காலின்னு யாரு சொன்னது? அந்தக் கூண்டுல பாதி, நான் காலி இல்லைன்னு ஒதுக்கினது."

"நீங்க ஒதுக்கினதுல பாதி சும்மா பயத்துல ஒதுக்கினது" என்றார் மேனேஜர், சிரித்துக்கொண்டே. "இருபத்தொரு வருஷ சர்வீஸ்! உங்க காது மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

பெல்ட்டருகே நின்ற பெண்கள் கையை நிறுத்தினார்கள். அக்காவை இப்படிச் சீண்டி யாரும் பார்த்ததில்லை. எப்போதும் இந்நேரம் வெடித்திருப்பார். வெடிக்கவில்லை. பெட்டியிலிருந்து மெதுவாக இறங்கினார். இறங்கியதும் மேனேஜரின் தோளுக்குக் கீழே வந்துவிட்டார்.

"இல்ல சார். நம்பிக்கை இல்ல. என் காதை நம்பித்தான் ஒருத்தர் காது போச்சு."

பத்து அடி தள்ளி நின்ற சம்பந்தி முழு உடம்பையும் திருப்பினார். எவ்வளவு கேட்டது என்று தெரியாது.

"அது முடிஞ்சுபோன விஷயம்மா. பழசைக் கிளறாதீங்க."

"எனக்கு முடியலை சார். நீங்க வர்றதுக்கு முன்னாடி இருந்த ஆபீசும் இதே மாதிரிதான். பெல்ட்டை வேகமா ஓட விட்டாங்க, மிஷின் ரிப்பேர்னாங்க, வெடிச்ச பிறகு முதல்ல அவரு பேரை எழுதினாங்க, அப்புறம் என் பேரை எழுதினாங்க. உங்க ஆபீசுல ஒரு பேனாகூடவா உங்க பேரை எழுதாது? இப்ப வெடிக்கிறதுக்கு முன்னாடியே என் பேரை எழுதி வாங்கிக்கப் பாக்குறீங்க. நல்ல முன்னேற்றம்தான்!"

மேனேஜரின் முகத்தில் சிரிப்பு வற்றியது. "இங்க பாருங்கம்மா. கையெழுத்து போடலைன்னா பெல்ட்டுக்கு நாளைக்கு வேற ஆள் வரும். நீங்க வாசல் பெருக்கிக்கிட்டு இருக்கலாம். வர்றவங்க போடுவாங்க கையெழுத்து. அவ்வளவுதான்."

அக்கா எதிர்வரிசையைப் பார்த்தார். வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகாத ஒரு பெண் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். வாசல் பெருக்குவதில் அக்காவுக்கு ஓர் அவமானமும் இல்லை. விளக்குமாறு பிடிக்கத் தெரியாதவரும் இல்லை. ஆனால் நாளைக்கு அந்தப் பெண் கையெழுத்துப் போடுவாள், பயத்தில் போட்டுத்தான் ஆக வேண்டும். பெட்டிமேல் யார் நின்றாலும் பிரஸ்ஸின் இடப்பக்கம் நிற்கப்போவது அதே மனிதர். அவருக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு காது.

"நீங்க ஓட்டுங்க" என்று மேனேஜர் பிரஸ் பக்கம் கையைக் காட்டினார். "பேப்பர் பிறகு பார்த்துக்கலாம்."

சம்பந்தி பொத்தானுக்கு அருகில் கையைக் கொண்டுபோனவர், டிரைவரைப் பார்த்தார். "அந்தம்மாகிட்ட கேளுப்பா. இந்தப் பத்தையும் குலுக்கிப் பாத்தாச்சான்னு."

டிரைவர் வழக்கம்போல் தலையை இந்தப் பக்கம் திருப்பினார். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா தட்டின் அருகில் போய்விட்டார். ஒவ்வொன்றாக எடுத்தார். அன்று "உஷ்" சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, பெல்ட்டை யாரோ நிறுத்தியிருந்தார்கள். பத்தையும் குலுக்கி, விரல் வைத்துப் பார்த்து, திரும்பத் தட்டில் வைத்தார்.

"மூணு தளும்புதுன்னு சொல்லுங்க தம்பி. நாலு வாயே திறக்கலை. மிச்சம் மூணு எனக்கே தெரியலைன்னு சொல்லுங்க."

டிரைவர் சொல்லி முடிக்கும்வரை சம்பந்தி மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு சிவப்புப் பொத்தானை அழுத்தினார். பிரஸ்ஸின் உறுமல் இறங்கி இறங்கி நின்றது. சாவியைத் திருகி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சாவியைப் போடுங்க!" மேனேஜரின் குரல் உடைந்தது. "இங்க என்ன உங்க குடும்பச் சண்டையா நடக்குது? நான் சொல்றேன், ஒண்ணும் ஆகாது. அப்படி ஏதாவது ஆச்சுன்னா எல்லாத்துக்கும் நான் பொறுப்பு. போதுமா? நான் பொறுப்பு!"

"பொறுப்புன்னா எங்க இருந்துக்கிட்டு சார்?" என்று கேட்டார் அக்கா.

"என்ன?"

"பொறுப்பா எங்க இருப்பீங்க? இங்கயா, அங்கயா?"

அங்கே என்று அவர் காட்டிய இடம் கூடத்தின் மறுகோடியிலிருந்த மேனேஜரின் கண்ணாடி அறை. கதவு சாத்தி, குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து பார்த்தால் கூடம் முழுக்கத் தெரியும். ஒரு சத்தமும் கேட்காது.

மேனேஜர் கையிலிருந்த படிவத்தை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார். அக்கா அதற்குமேல் காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று கூடத்தைக் கடந்து போனார். அந்தக் கண்ணாடிக் கதவை அவர் இருபத்தொரு வருடத்தில் திறந்தது ஒரே ஒரு முறைதான், பழியை ஏற்கப் போன அந்த ஐந்தாம் நாள் காலை. இப்போது தோளால் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போய், மேசைக்குப் பின்னால் இருந்த சக்கரம் வைத்த நாற்காலியை வெளியே இழுத்து வந்தார். உயர்ந்த முதுகும் மெத்தையும் கைவைக்க இடமும் உள்ள நாற்காலி. எண்ணெய்ப் பிசுக்கேறிய தரையில் அது நேராக ஓட மறுத்தது. ஒரு சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொண்டபோது முழங்காலால் ஓர் உந்து உந்தினார். டிரைவர் உதவிக்கு இறங்கப் பார்த்தார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார்.

பிரஸ்ஸைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டிருக்கும். இயந்திரம் ஓடும்போது இயக்குபவரைத் தவிர யாரும் தாண்டக் கூடாத கோடு. அதைத் தாண்டி உள்ளே தள்ளிக்கொண்டு போய், மூடிக்கு நேர் எதிரே, இடப்பக்கத்தில், ஒரு முழ தூரத்தில் நாற்காலியை நிறுத்தினார் அக்கா. சம்பந்தி ஓரடி நகர்ந்து இடம் விட்டார். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து நாற்காலியின் மெத்தையை ஒருமுறை துடைத்தார். கைப்பிடி இரண்டையும் துடைத்தார். அப்புறம் மேனேஜர் நின்ற பக்கமாக அதைத் திருப்பி, உருண்டுவிடாதபடி ஒரு காலைச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து, முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.